யாரும் தொடத் துணியாத வரிகள்

2012 ஆகஸ்ட் 1, காலை 9.30 மணி. நியூயார்க் பங்குச் சந்தையில் வர்த்தகம் தொடங்கியதுமே நைட் கேபிடல் என்ற தரகு நிறுவனத்தின் கணினிகள் யாரும் கேட்காத பங்குகளை வாங்கிக் குவித்தன, விற்றுத் தள்ளின. வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த 212 ஆர்டர்களை நிறைவேற்றப் போய், 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள் நடந்து முடிந்தன. கைமாறிய பங்குகள் 39 கோடிக்கும் அதிகம். நட்டம் 46 கோடி டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் கெட்கோ என்ற போட்டியாளருடன் இணைந்து, தன் தனி இருப்பை இழந்தது.

இதற்கான காரணத்தை அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம், 1.2 கோடி டாலர் அபராதம் விதித்து 2013 அக்டோபரில் வெளியிட்ட ஆணையில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் மென்பொருளுக்குள் ‘பவர் பெக்’ என்றொரு பகுதி இருந்தது. அதன் பயன்பாடு 2003-லேயே நிறுத்தப்பட்டது. ஆனால் நிரலை யாரும் நீக்கவில்லை. கேட்ட அளவுக்குப் பங்கு கிடைத்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்து, கிடைத்ததும் நிறுத்தச் சொல்லும் பகுதியை 2005-ல் நிரலின் வேறோர் இடத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு பவர் பெக் நிற்க வேண்டிய இடத்தில் நிற்குமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பயன்பாட்டில் இல்லாததைச் சோதிப்பானேன் என்றுதானே தோன்றும்.

2012-ல் சிறு முதலீட்டாளர்களுக்காகச் சந்தை ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கான நிரலை எழுதியவர்கள், ஒரு காலத்தில் பவர் பெக்கை இயக்கிய அதே ‘ஃபிளாக்’கை, அதாவது ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் சிறு குறியை, புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் எட்டு சர்வர்கள். ஏழில் புதிய நிரல் ஏறியது. ஒன்றில் ஏற்ற விட்டுப்போனது. ஆகஸ்ட் 1 காலை ஏழு சர்வர்கள் அந்தக் குறியைப் புதிய திட்டமாகப் படித்தன. எட்டாவது சர்வர் அதை ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நிறுத்தப்பட்ட பவர் பெக்காகப் படித்தது. எண்ணிப் பார்க்கும் பகுதி இடம் மாறியிருந்ததால், ஆர்டர் நிறைவேறிவிட்டது என்பதே அதற்குத் தெரியவில்லை. நிறுத்தாமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. பதற்றத்தில் இருந்த ஊழியர்கள் புதிய நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அங்கேயும் பவர் பெக் விழித்துக்கொண்டது.

அன்று காலை சந்தை திறக்கும் முன்பே அந்த மென்பொருள் 97 தானியங்கி மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. பவர் பெக் முடக்கப்பட்டிருக்கிறது என்ற பிழைக் குறிப்பு அவற்றில் இருந்தது. அவசர எச்சரிக்கையாக வடிவமைக்கப்படாத மின்னஞ்சல்கள் அவை; யாரும் அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கவில்லை.

ஒரு சர்வரை மறந்துபோன ஊழியரைக் குற்றவாளியாக்கி இந்தக் கதையை முடித்துவிடுவது எளிது. மனிதர்கள் மறக்கத்தான் செய்வார்கள். மறதியின் விலை 46 கோடி டாலர் ஆகும் அளவுக்கு மென்பொருளை வைத்திருந்தது யார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2003-ல் நிறுத்திய பகுதியை 2004-ல் ஒரு நிரலாளர் உட்கார்ந்து நீக்கியிருந்தால், விட்டுப்போன அந்த ஒற்றை சர்வரில் விழித்துக்கொள்ள எதுவும் இருந்திருக்காது. ஒன்பது ஆண்டுகளில் அந்த வேலையை யாருக்கும் யாரும் கொடுக்கவில்லை.

நீண்ட காலமாகப் பராமரிக்கப்படும் பெரும்பாலான மென்பொருள்களில் இப்படிச் சிதைந்த பகுதிகள் உண்டு. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, மின் கட்டணம், ஓய்வூதியம் என்று அன்றாட வாழ்க்கை முழுக்க அவற்றின் மீதுதான் ஓடுகிறது. அவற்றைக் கண்டுபிடிக்க வழி இல்லை என்பது உண்மையல்ல. அரை நூற்றாண்டாக ஆய்வாளர்கள் வழிகளைக் காட்டியிருக்கிறார்கள். தேடிப் பார்க்க ஆளும் நேரமும் பணமும் ஒதுக்கப்படுவதில்லை என்பதுதான் உண்மை.

இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுக்கும். நிரல் எத்தனை ஆண்டு கிடந்தாலும் ஓர் எழுத்துகூட மாறாது. பிறகு எப்படி அது சிதையும் என்று கேட்பவர்களுக்கு 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய ஏரியன் 5 ராக்கெட் பதில் சொல்லும். ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் கணக்கிடும் நிரல், முந்தைய ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்து வைக்கப்பட்டது. அதில் ஒரு பகுதிக்கு ஏரியன் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு எந்த வேலையும் இல்லை. பழைய ராக்கெட்டுக்குத் தேவைப்பட்டதால் இதிலும் ஓட விடப்பட்டிருந்தது. ஏரியன் 5 பழைய ராக்கெட்டைவிடப் பக்கவாட்டில் விரைவாக வேகமெடுக்கும். அந்த வேகத்தைச் சார்ந்த எண், நிரலில் அதற்கு ஒதுக்கியிருந்த 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. கணினி முடங்கியது, மாற்றாக வைத்திருந்த கணினியிலும் அதே நிரல், அதுவும் முடங்கியது. கிளம்பி 40 விநாடிகளுக்குள் ராக்கெட்டும் அதிலிருந்த நான்கு கிளஸ்டர் ஆய்வுக் கோள்களும் சிதறின. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் மாறிவிட்டது.

கனடாவைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1994-ல் எழுதிய ஒரு கட்டுரையில், மென்பொருள் மூப்படைய இரண்டு காரணங்களைச் சொன்னார். தேவைகள் மாறும்போது மென்பொருளை மாற்றாமல் விடுவது ஒன்று. அதன் அமைப்பைப் புரிந்துகொள்ளாதவர்கள் அதை மாற்றுவது இன்னொன்று. நைட் கேபிடலில் இரண்டும் சேர்ந்தே நடந்தன. அவருக்கு இருபது ஆண்டுகள் முன்பே, ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளத்தின் வளர்ச்சியை ஆராய்ந்த மேனி லேமன், பயன்பாட்டில் உள்ள மென்பொருள் மாறிக்கொண்டே இருந்தாக வேண்டும் என்றும், குறைக்க வேண்டும் என்று தனியாக முயலாவிட்டால் அதன் சிக்கல் கூடிக்கொண்டே போகும் என்றும் வகுத்துச் சொல்லியிருந்தார்.

ஆனால் இவையெல்லாம் அனுபவத்தில் பிறந்த கூற்றுகள். சிதைவை அளந்து காட்ட முடியுமா? முடியும் என்று நிரூபித்தது அமெரிக்கத் தொலைபேசி உலகம்.

ஏடி அண்ட் டி நிறுவனத்தின் 5ஈஎஸ்எஸ் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் அந்தக் காலத்தின் மிகப் பெரிய மென்பொருள்களில் ஒன்று. சுமார் 10 கோடி வரி நிரல், 50 பெரும் பிரிவுகள், 5,000 உட்பகுதிகள். பதினைந்து ஆண்டுகளில் அதில் கைவைத்த நிரலாளர்கள் 10,000 பேருக்கும் மேல். எந்த மாற்றத்தை, யார், எப்போது, எதற்காகச் செய்தார்கள் என்பது முழுக்கப் பதிவாகியிருந்தது. ஸ்டீபன் ஐக், டாட் கிரேவ்ஸ், ஆலன் கார், ஜே.எஸ். மாரன், ஆட்ரிஸ் மொக்கஸ் ஆகிய ஐவரும் அந்தப் பதிவேட்டை அலசி 2001-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட வரையறை மிக எளிது: ஒரு நிரலை மாற்றுவது இருக்க வேண்டிய அளவைவிடக் கடினமாக இருந்தால், அது சிதைந்திருக்கிறது. அந்தக் கடினத்தை மூன்று வகையில் பார்க்கலாம். மாற்றத்துக்கு ஆகும் செலவு, எடுக்கும் காலம், மாற்றிய பிறகு வரும் பிழைகள்.

அவர்கள் கண்டவற்றில் ஒன்றை நின்று கவனிக்க வேண்டும். நன்றாகக் கட்டப்பட்ட மென்பொருளில் ஒரு சிறு மாற்றம் ஒரே கோப்புக்குள் முடிந்துவிடும். ஆய்வு செய்த ஒரு பிரிவில், 1989-ல் ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகளைத் தொட வேண்டிய மாற்றங்கள் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. 1996-ல் அது ஐந்தைத் தாண்டியது. பார்வைக்குச் சின்ன எண்தான். ஆனால் போக்கு ஒரே திசையில் இருந்தது: ஆண்டு ஏற ஏற, ஓரிடத்தில் கைவைத்தால் இன்னோரிடத்திலும் கைவைக்க வேண்டியதாயிற்று. பகுதிகளுக்கு இடையே இருந்த சுவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்துகொண்டிருந்தன. உள்ளே இருந்து பார்த்த எந்த நிரலாளருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பதிவேடுதான் காட்டிக்கொடுத்தது.

அதே மென்பொருளைப் பற்றிய இன்னோர் ஆய்வு 2000-ல் வந்தது. எந்தப் பகுதியில் அடுத்து பிழை வரும் என்று ஊகிக்க, அந்தப் பகுதி எவ்வளவு பெரிது என்பது பெரிதாக உதவவில்லை. அண்மையில் எத்தனை முறை மாற்றப்பட்டது என்பதே அதைவிட நன்றாகச் சொன்னது. நிரலின் இன்றைய தோற்றத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கிடைக்காத செய்தி, அதன் வரலாற்றைப் படிப்பவருக்குக் கிடைக்கிறது.

இன்று இந்தப் பதிவேடு இல்லாத குழு அரிது. கிட் என்ற கருவி ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடும் பெயரோடும் வைத்திருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆடம் தோர்ன்ஹில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இதைப் படிக்கும் எளிய முறைகளை எழுதிவருகிறார். கடந்த ஓராண்டில் எந்தெந்தக் கோப்பு எத்தனை முறை மாறியது என்று ஒரு பட்டியல். எந்தக் கோப்பு எவ்வளவு சிக்கலானது என்று இன்னொரு பட்டியல். வரிகள் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளித் தள்ளி எழுதப்பட்டிருக்கின்றன என்பதே சிக்கலுக்குப் போதுமான அடையாளம், ஏனென்றால் ‘இப்படியானால், அதற்குள் அப்படியானால்’ என்று நிபந்தனைகள் அடுக்கடுக்காக ஏற ஏற வரி உள்ளே தள்ளிப் போகும். இரண்டு பட்டியலிலும் மேலே நிற்கும் கோப்புகள்தான் முதலில் பார்க்க வேண்டியவை. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு நாள் பிற்பகல் போதும்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்னும் பல தடயங்கள் தெரியும். ஒரு வங்கி மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வட்டி கணக்கிடும் கோப்பும் ரசீது அச்சிடும் கோப்பும் வெவ்வேறு பிரிவுகளில் இருக்கின்றன. ஒன்றை ஒன்று அழைப்பதில்லை. ஆனால் பதிவேட்டில் வட்டிக் கோப்பு மாறிய ஒவ்வொரு முறையும் ரசீதுக் கோப்பும் மாறியிருக்கிறது. திறந்து பார்த்தால், வட்டியைப் பைசாவுக்கு முழுமையாக்கும் அதே பத்து வரிகள் இரண்டு இடத்திலும் நகலெடுத்து ஒட்டப்பட்டிருக்கும். மூன்றாவதாக ஓரிடத்திலும் ஒட்டப்பட்டு, அங்கே மட்டும் மாற்ற மறந்திருப்பார்கள். அடுத்த புகார் அங்கிருந்துதான் வரும். இதே போல, நிரலுக்குள் எழுதிவைக்கும் குறிப்புகளும் பேசும். ‘தற்காலிக ஏற்பாடு’ என்ற குறிப்புக்கு எட்டு வயதாகியிருக்கும். ‘இது ஏன் இருக்கிறது என்று தெரியவில்லை, எடுத்தால் ஓடவில்லை’ என்று ஒருவர் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். சோதனை நிரல் தோல்வி அடைந்தபோது பிழையைத் திருத்தாமல் சோதனையையே அணைத்து வைத்திருப்பார்கள்.

மிக நம்பகமான அறிகுறி நிரலுக்குள் இல்லை, பேச்சில் இருக்கிறது. “அந்த மாட்யூலா? அவரு லீவுல இருக்காரு, வந்ததும் பாத்துக்கலாம்” என்று ஒரு குழுவில் சொல்கிறார்களென்றால், அந்தப் பகுதியின் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். பிரேசிலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-ல் கிட்ஹப் தளத்தின் புகழ்பெற்ற 133 மென்பொருள் திட்டங்களை எடுத்து, எத்தனை பேர் விலகினால் திட்டம் முடங்கும் என்று கணக்கிட்டார்கள். அவற்றில் 65 விழுக்காட்டில் அந்த எண்ணிக்கை ஒன்று அல்லது இரண்டு.

இணையத்தின் பூட்டாக இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் கதி இதற்குச் சரியான சான்று. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை அதில் வெளியானது. நான் இன்னும் இணைப்பில் இருக்கிறேன் என்று ஒரு கணினி இன்னொன்றுக்குச் சொல்லும் சிறு செய்தியில், செய்தியின் நீளத்தைப் பொய்யாகக் கூட்டிச் சொன்னால் போதும். எதிர்முனை சர்வர் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். கடவுச்சொல்லும் அதில் இருக்கலாம், ரகசியச் சாவியும் இருக்கலாம். உலகின் பெருநிறுவனங்கள் எல்லாம் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு முழுநேரமாக வேலை செய்தவர் ஒருவர். நன்கொடையாக வந்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்.

அந்தக் குறிப்பிட்ட பிழை பழையதல்ல. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் நுழைந்தது. ஆனால் அது நுழைந்த இடம் பழையது. சில இயங்குதளங்களில் நினைவகத்தை ஒதுக்குவது மெதுவாக இருக்கிறது என்று ஒரு காலத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் தனக்கென்று சொந்த ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. காலம் மாறியும் அந்த ஏற்பாடு அப்படியே இருந்தது. விளைவு, இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிப்பதற்காகவே சில இயங்குதளங்கள் நினைவகத்தில் வைத்திருந்த பாதுகாப்புகளை அது சுற்றிக்கொண்டு போனது. ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் இதைக் கண்டு கொதித்தார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலைப் பிரித்தெடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்ற பெயரில் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். முதல் வாரத்தில் மட்டும் அவர்கள் நீக்கியது சுமார் 90,000 வரிகள். 16 பிட் விண்டோஸ், பழைய விஎம்எஸ் இயங்குதளம் என்று அவர்களுடைய பயனர் யாரிடமும் இல்லாத கணினிகளுக்கான நிரல் அங்கே மண்டிக் கிடந்தது. இத்தனை குவியலுக்கு நடுவே ஒரு புதிய பிழை வந்து உட்கார்ந்தால் யார் கண்ணில் படும்? நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருந்தும், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது வெளியே வந்தது.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பழைய நிரல் எல்லாம் மோசம், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுது என்ற குரல் எப்போதும் பலமாகக் கேட்கும். டொனால்ட் நூத் 1970-களின் இறுதியில் எழுதத் தொடங்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில்தான் இன்றும் உலகின் கணித ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி கோக்கப்படுகிறது. பிழை கண்டுபிடிப்பவருக்கு நூத் 2008 வரை தன் கைப்படக் காசோலை எழுதி அனுப்பிவந்தார். ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்ட எஸ்க்யூலைட் தரவுத்தளம் எல்லா ஆண்ட்ராய்டு, ஐபோன்களிலும் இருக்கிறது. அதன் நிரலைப்போல 590 மடங்கு சோதனை நிரல் எழுதிவைத்திருப்பதாக அதன் ஆசிரியர்கள் அறிவித்திருக்கிறார்கள். 2050 வரை பராமரிப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். வயது ஒரு நோயல்ல. எழுதியவருக்கோ அவருக்குப் பின் வந்தவருக்கோ அந்த நிரல் இன்னும் விளங்குகிறதா, மாற்றினால் உடைந்ததா என்று உடனே தெரிந்துகொள்ள முடிகிறதா என்பவையே அளவுகோல்.

முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றுவதன் ஆபத்துக்கும் சான்று இருக்கிறது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் கணக்குகளை எல்லாம் ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கையே பார்க்க முடியாமல் போனார்கள். சில சிக்கல்கள் தீர மாதக்கணக்கானது. ஒழுங்குமுறை அமைப்புகள் 2022-ல் விதித்த அபராதம் 4.86 கோடி பவுண்டு.

ஆகவே, தேவை இடைவிடாத சிறு நீக்கம். பரணில் போட்டுவைத்த உடைந்த சாமான் இடத்தை அடைக்குமே தவிரக் கெடுதல் செய்யாது. பயன்படாத நிரல் அப்படியல்ல, அது மின் இணைப்போடு கிடக்கிறது. பெரிய நிறுவனங்கள் சில இதைத் தாமதமாகவாவது உணர்ந்திருக்கின்றன. புதிய வசதிகளை ஏற்றவும் இறக்கவும் வைத்த ஃபிளாகுகள் வேலை முடிந்த பின்னும் நிரலில் தங்கிப்போவதைக் கண்ட ஊபர், அவற்றைத் தேடி நீக்க பிரான்யா என்ற கருவியை உருவாக்கி 2020-ல் பொதுவில் வெளியிட்டது. அதற்குள் ஏறக்குறைய 2,000 பழைய ஃபிளாகுகளை அதைக் கொண்டு நீக்கியிருந்தது. நைட் கேபிடலை வீழ்த்தியது அப்படியொரு குறிதான். லினக்ஸ் கெர்னலின் 4.17 பதிப்பில், 2018-ல், பயன்படுத்துவோர் இல்லாத எட்டு வகை செயலிகளுக்கான நிரல் மொத்தமாக எடுக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து லட்சம் வரிகள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் வளர்ந்துகொண்டே வந்த ஒரு மென்பொருள் அந்த முறை முந்தைய பதிப்பைவிடச் சிறியதாக வெளிவந்தது.

கூகுள் இன்னும் ஒரு படி மேலே போனது. எந்த நிரல் நீண்ட காலமாக எங்கும் ஓடவில்லை என்று தானாகவே கண்டுபிடித்து, ‘இதை நீக்கலாமா?’ என்று உரியவருக்கு ஒரு மாற்றத்தையே தயாரித்து அனுப்பும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. வாரத்துக்கு 1,000-க்கும் மேற்பட்ட நீக்கங்களை அது முன்மொழிகிறது என்று 2023-ல் அந்த நிறுவனத்தார் எழுதினார்கள். அவர்களும் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள்: கண்டுபிடிப்பது கணினியின் வேலை, நீக்கச் சம்மதிக்க வேண்டியது மனிதர். எழுதிய உழைப்பின் மீதுள்ள பற்றும் எடுத்தால் என்ன ஆகுமோ என்ற பயமும் சேர்ந்து கையைக் கட்டிவிடுகின்றன.

அந்தப் பயம் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். 1990-களின் இறுதியில் இந்திய மென்பொருள் துறை தலையெடுத்ததே மற்றவர்கள் எழுதிய பழைய நிரலைப் படித்துத்தான். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்திருந்த ‘கோபால்’ என்ற கணினி மொழியில் இருந்த அமெரிக்க, ஐரோப்பிய நிரல்களில், 2000 பிறக்கும் முன் ஒவ்வொரு தேதியையும் தேடித் திருத்தியவர்களில் ஏராளமானோர் சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உட்கார்ந்திருந்தவர்கள். இன்றும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் நடப்பதில் கணிசமான பகுதி பராமரிப்புதான். ஆனால் ‘சப்போர்ட் புராஜெக்ட்’ கிடைத்தால் முகம் வாடுகிறது, ‘டெவலப்மென்ட்’ கிடைத்தால் வீட்டில் இனிப்பு வாங்குகிறார்கள். இளைஞர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எத்தனை டிக்கெட் மூடினாய், எத்தனை மணி நேரத்தில் மூடினாய் என்பதைத்தான் ஒப்பந்தங்கள் அளக்கின்றன. பதினைந்து ஆண்டுப் பழைய கோப்பு ஒன்றைப் புரிந்துகொண்டு, அதில் பாதியைப் பத்திரமாக நீக்கி, அடுத்த ஆண்டு வரவிருந்த ஐம்பது புகார்களை வராமலே செய்த ஒருவருக்கு அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது. புகார்கள் குறைந்தால் ஒப்பந்தத் தொகையும் குறையலாம் என்ற நிலையில் அவரை ஊக்குவிக்க யாருக்கு மனம் வரும்?

இந்த அளவுகோலை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டியவர்கள் பணம் கொடுப்பவர்கள், அதிலும் முதலாவதாக அரசுகள்.

ரயில்வேயின் முன்பதிவு அமைப்பு இதற்குப் பொருத்தமான இடம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய மையங்களைக் கொண்ட அந்த அமைப்பு 2010-ல் உருவாக்கப்பட்டது என்றும், ஐடானியம் சர்வர்களிலும் ஓப்பன்விஎம்எஸ் இயங்குதளத்திலும் ஓடுகிறது என்றும் 2025-ல் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். இன்டெல் ஐடானியம் செயலிகளை அனுப்புவதை 2021 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது. 2024 ஜனவரியில் வெளிவந்த 6.7 பதிப்போடு லினக்ஸும் அதைக் கைவிட்டது. முன்பதிவு நிரல் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், அது நிற்கும் தரை நழுவிக்கொண்டிருந்தது. புதிய அமைப்புக்கு மாறும் பணியை ரயில்வே தொடங்கியிருப்பது பாராட்டுக்குரியது. நிமிடத்துக்கு 25,000 டிக்கெட் என்பது ஒரு லட்சத்தைத் தாண்டும் என்கிறார்கள்.

வேகம் கூடுவது நல்லதுதான். அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியவை பழைய நிரலுக்குள் இருக்கும் விதிகள். ஆர்ஏசி எப்போது பெர்த்தாக மாறும், தட்கலில் மீந்த இடம் எங்கே போகும், இடைப்பட்ட நிலையங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஆள் இல்லையென்றால் யாருக்குப் போகும், மூத்த குடிமக்களுக்குக் கீழ்ப் படுக்கை எந்த வரிசையில் கிடைக்கும் என்பவை எல்லாம் ஆண்டுக்கணக்கில் சுற்றறிக்கை சுற்றறிக்கையாக வந்து நிரலில் சேர்ந்தவை. சுற்றறிக்கை காலாவதியான பிறகும் அதற்காக எழுதிய வரிகள் தங்கியிருப்பது இப்படிப்பட்ட மென்பொருள்களின் இயல்பு. மாறாக, எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு நடைமுறை நிரலில் மட்டும் உயிரோடு இருப்பதும் உண்டு. எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் புதிய அமைப்புக்குக் கொண்டுபோனால், ஏரியன் 4-ன் நிரல் ஏரியன் 5-க்குப் போன கதைதான். பார்க்காமல் விட்டுவிட்டுப் போனால், ஊருக்குப் போக வேண்டிய ஒரு மூதாட்டி மேல் படுக்கையில் ஏற முடியாமல் நிற்பார்.

மாநில அரசின் துறைகளுக்கும் இது பொருந்தும். பத்திரப்பதிவும் குடும்ப அட்டையும் மின் கட்டணமும் மென்பொருளில்தான் ஓடுகின்றன. பராமரிப்பு ஒப்பந்தம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, நிரலின் இன்றைய நிலை மட்டும் கைமாறினால் போதாது. முதல் நாளிலிருந்து நடந்த மாற்றங்களின் முழுப் பதிவேடும் அரசின் சொத்தாகக் கைக்கு வர வேண்டும். பதிவேடு இல்லாமல் நிரலை மட்டும் வாங்குவது, பழைய வைத்தியக் குறிப்பு எதுவும் இல்லாத நோயாளியைப் புதிய மருத்துவரிடம் விடுவதற்குச் சமம்; 5ஈஎஸ்எஸ் ஆய்வைச் செய்ய முடிந்ததே அந்தப் பதிவேடு இருந்ததால்தான். ஒப்பந்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது புகார் தீர்ப்பதற்கு அல்லாமல், பயன்படாத நிரலைத் தேடி நீக்குவதற்கும் சோதனை நிரல் எழுதுவதற்கும் என்று தனியாக ஒதுக்கி, அதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றா, பத்தில் ஒன்றா என்று வாதிடலாம். பூஜ்யமாக இருக்கக் கூடாது.

கணக்குத் தணிக்கை அதிகாரிகள் இப்போதே அரசின் மென்பொருள்களைத் தணிக்கை செய்கிறார்கள். டெண்டர் முறையாக நடந்ததா, செலவு சரியா, கடவுச்சொல் கட்டுப்பாடு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளோடு இன்னும் சிலவற்றையும் அவர்கள் கேட்கலாம். கடந்த ஓராண்டில் அதிக முறை மாற்றப்பட்ட பத்துக் கோப்புகள் எவை, அவற்றை விளக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? நிறுத்தப்பட்ட திட்டங்களுக்கான நிரல் இன்னும் சர்வரில் இருக்கிறதா? இருந்தால், அதை நீக்கும் பொறுப்பு யார் பெயரில், எந்தத் தேதிக்குள் என்று எழுதப்பட்டிருக்கிறது?